புதிய நாவல், சிறுகதை, கவிதை: புத்தகக் கடையில் தேடி எடுப்பது எப்படி

புதிதாக வந்த கதையோ கவிதையோ வேண்டும் என்று கடைக்குள் நுழைகிறவர்களில் பலர் வாசலுக்கு அருகில் இருக்கும் மேசையோடு நின்றுவிடுகிறார்கள். அட்டை கண்ணைப் பறிக்கிறது, பின்னட்டையில் நாலு பேர் புகழ்ந்திருக்கிறார்கள், உடனே பில் போடப் போய்விடுகிறார்கள். வீட்டுக்கு வந்து முப்பது பக்கம் தாண்ட முடியாவிட்டால் "நமக்கு இலக்கியம் ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடையிலேயே பத்து நிமிடம் படித்துப் பார்த்திருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது. ஆனால் எங்கே திறந்து படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நாவலுக்கு ஒரு சோதனை, சிறுகதைக்கு இன்னொன்று. கவிதைக்கு இந்த இரண்டுமே உதவாது.

கிளம்பும் முன்

ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கூட்டம் இல்லாத வேளையாக இருந்தால் நல்லது. கடைசியாகப் பிடித்துப்போன இரண்டு புத்தகங்களையும், பாதியில் விட்ட ஒரு புத்தகத்தையும் செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணமும் எழுதுங்கள். பாதியில் விட்டதற்கான காரணம்தான் கடைக்காரருக்கு அதிகம் பயன்படும். பிடித்ததைச் சொல்லும்போது எல்லோரும் "நல்லா இருந்தது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிடிக்காததைச் சொல்லும்போதுதான் "வர்ணனை அதிகம்", "யார் பேசுகிறார் என்றே புரியவில்லை" என்று விஷயம் வெளியே வருகிறது.

எந்த அலமாரியில் தேடுவது

முன் மேசையில் இருப்பதெல்லாம் கடைக்காரர் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை என்று நினைக்க வேண்டாம். சில நாடுகளின் பெரிய சங்கிலிக் கடைகளில் அந்த இடத்துக்குப் பதிப்பகங்கள் பணம் கட்டுவது வழக்கம். நன்றாக விற்கிறது என்பதாலும் ஒரு புத்தகம் அங்கே வந்திருக்கலாம். அங்கே பார்க்கவே கூடாது என்பதில்லை. பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே அலமாரிகளில் பெரும்பாலான புத்தகங்கள் முதுகு தெரியும்படி நிற்கும். ஒன்றிரண்டு மட்டும் முகப்பு தெரியும்படி வைக்கப்பட்டிருக்கும். முகப்பு காட்டி வைத்தால் ஐந்தாறு புத்தகத்தின் இடம் போய்விடும் என்பதால் கடைக்காரர் யோசித்துத்தான் அப்படி வைப்பார். சிறிய கடைகளில் இது முன் மேசையைவிட நம்பகமான குறிப்பு. ஊழியர்கள் கையால் எழுதி ஒட்டிய பரிந்துரைச் சீட்டு இருந்தால் அதையும் படியுங்கள். "அருமையான நாவல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதனால் பயன் இல்லை. "முதல் ஐம்பது பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியவர் புத்தகத்தை உண்மையிலேயே படித்திருக்கிறார்.

கவிதை அலமாரியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 96 பக்கத் தொகுப்பு என்றால் 48 தாள்கள்தான். வழக்கமான 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளில் முதுகு சுமார் அரை சென்டிமீட்டர் வரும். அதில் தலைப்பைப் பெரிதாக அச்சிட வழியில்லை. இன்னும் மெல்லியவற்றில் முதுகில் எழுத்தே இருக்காது. ஆகவே கவிதை அலமாரியில் நின்ற இடத்திலிருந்து கண்ணால் மேய்ந்தால் தடித்த முழுத்தொகுப்புகள் மட்டுமே தெரியும். புதிய கவிஞர்களின் முதல் தொகுப்புகள் அவற்றுக்கு நடுவில் நசுங்கிக் கிடக்கும். ஒரு தட்டைத் தேர்ந்தெடுத்து, மெல்லிய புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பாருங்கள். வேறு குறுக்குவழி கிடையாது.

பல இடங்களில் விற்காத பிரதிகளைச் சில மாதங்களில் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவிதைத் தொகுப்புகள் பெரும்பாலும் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன. அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு வந்த தொகுப்பு அடுத்த முறை அங்கே இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம்.

உண்மையிலேயே புதியதா?

"புதிய வரவு" என்ற பலகையின் கீழ் இருப்பது கடைக்குப் புதியதாக இருக்கலாம். நாற்பது வருடத்துக்கு முன் எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். பழையதை வாங்குவதில் தவறில்லை, தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் பதிப்பு விவரங்கள் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதல் பதிப்பு எந்த ஆண்டு என்பது ஒன்று. அதன் கீழே "இரண்டாம் பதிப்பு" என்றிருந்தால் திருத்தம் செய்யப்பட்டதா, அப்படியே மறுபடி அச்சிட்டதா என்பது அடுத்தது. பல பதிப்பகங்கள் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. திருத்தம் இருந்தால் ஆசிரியரின் முன்னுரையில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும். சில வெளிநாட்டுப் புத்தகங்களில் 10 9 8 7 6 5 4 என்பது போல ஒரு எண் வரிசை மட்டும் இருக்கும். அதில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அச்சு எண். இந்த எடுத்துக்காட்டில் நான்காவது அச்சு.

மூன்றாவதாக, மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தின் பெயர், மொழி, ஆண்டு. நான்காவது ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்பையும் அடையாளம் காட்டும் சர்வதேச எண். 2007 ஜனவரி முதல் இது 13 இலக்கம். அதற்கு முன் 10 இலக்கம். 10 இலக்க எண் மட்டும் இருக்கிற பிரதி பல வருடங்களாகக் கிடங்கில் கிடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே புத்தகத்தின் கெட்டி அட்டைப் பிரதிக்கும் சாதா அட்டைப் பிரதிக்கும் வெவ்வேறு ஐஎஸ்பிஎன் உண்டு. கையிருப்பில் இல்லாத புத்தகத்தை வரவழைக்கச் சொல்லும்போது அட்டையின் படத்தைக் காட்டுவதைவிட இந்த எண்ணைக் கொடுப்பது மேல். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். ஒரு இலக்கம் தவறாகிப்போனாலும் கணக்கு உதைக்கும், கடையின் கணினி கண்டுபிடித்துவிடும்.

பின்னட்டையை எப்படிப் படிப்பது

பின்னட்டை விளம்பரம்தான், ஆனால் அதிலிருந்தும் தகவல் எடுக்கலாம். புகழுரை இந்தப் புத்தகத்தைப் பற்றியதா, எழுத்தாளரைப் பற்றியதா, அவருடைய முந்தைய புத்தகத்தைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். "பரிசு பெற்ற எழுத்தாளரின் புதிய நாவல்" என்றால் பரிசு இந்த நாவலுக்கு இல்லை. நெடும்பட்டியல் (பரிசுக்கு முதலில் பரிசீலிக்கும் நீண்ட பட்டியல்), குறும்பட்டியல் (அதிலிருந்து வடிகட்டிய இறுதிப் பட்டியல்), வெற்றி ஆகிய மூன்றும் ஒன்றல்ல. அட்டையில் அச்சிட்ட வட்ட முத்திரையில் எது என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

நோபல் இலக்கியப் பரிசு பொதுவாக ஒருவரின் மொத்த எழுத்துக்காக வழங்கப்படுகிறது. அக்டோபரில் அறிவிப்பு வந்ததும் அவருடைய பழைய புத்தகங்கள் எல்லாம் புதிய அட்டையோடு மேசைக்கு வந்துவிடும்; அவற்றில் எதிலிருந்து தொடங்குவது என்று அந்த முத்திரை சொல்லாது. சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு தனிப் புத்தகத்துக்குத் தரப்படுகிறது. பரிசுத் தொகையான 50,000 பவுண்டை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். 2025இல்தான் முதன்முறையாக ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அது கிடைத்தது. நாவலை மட்டும் தேடுகிற வழக்கம் பரிசுக்குழுக்களுக்கும் இருந்திருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது.

முன்னுரை, அணிந்துரை இரண்டையும் கடையில் படிக்க வேண்டாம். கதையின் முடிவை முன்கூட்டியே போட்டு உடைப்பதில் அணிந்துரைக்காரர்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம். நாவலை முடித்த பிறகு படித்தால் அதே அணிந்துரை நன்றாகவே இருக்கும்.

நாவல்: மூன்று இடங்களில் திறங்கள்

முதல் இரண்டு பக்கங்களைப் படியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒருவர் நாவலில் அதிக முறை திருத்தி எழுதுவது தொடக்கத்தைத்தான், முதல் நாவல் எழுதுகிறவர் இன்னும் கூடுதலாக. பதிப்பாசிரியர் முதலில் பார்ப்பதும் அதைத்தானே. ஆகவே அடுத்து மூன்றில் ஒரு பங்கு தள்ளித் திறங்கள்; 240 பக்க நாவல் என்றால் 80ஆம் பக்கம் சுற்றி. கதை தெரியாததால் யார் எவர் என்று புரியாது, பரவாயில்லை. வாக்கியங்கள் தொடக்கத்தில் இருந்த அதே கவனத்தோடு இருக்கின்றனவா, இல்லை நிகழ்ச்சிகளை வேகமாகத் தள்ளிவிட்டுப் போகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவதாக, உரையாடல் நிறைந்த ஒரு பக்கம். யார் பேசியது என்று சொல்லும் பெயர்களைக் கண்டுகொள்ளாமல் பேச்சை மட்டும் படியுங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசினால், குறிப்பாக இருவரும் கட்டுரை வாசிப்பது போலப் பேசினால், முன்னூறு பக்கமும் அப்படித்தான் இருக்கும். கடைசி முப்பது பக்கத்தை மட்டும் தொடாதீர்கள்.

பக்க எண்ணிக்கையையும் கணக்கில் எடுங்கள். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் 300 பக்கம் பத்து மணி நேரம். தினமும் அரை மணி படித்தால் இருபது நாள். விட்ட பழக்கத்தைப் புதுப்பிக்கிறவர்கள் 150 முதல் 200 பக்கத்துக்குள் தொடங்குவது புத்திசாலித்தனம். இன்னொன்று: இது தொடர் நாவலின் இரண்டாம் பாகமா என்று பாருங்கள். அந்த எண் முகப்பில் இல்லாமல் முதுகிலோ, ஆசிரியரின் பிற நூல்கள் பட்டியலிலோ ஒளிந்திருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

சிறுகதைத் தொகுப்பு

பொருளடக்கத்தில் பக்க எண்களைக் கழித்துப் பார்த்து, இருப்பதிலேயே சிறிய கதையைக் கண்டுபிடித்து, முழுதாகப் படித்துவிடுங்கள். ஐந்தாறு பக்கம், பத்து நிமிடம். பாதிக் கதையை வைத்துச் சிறுகதை எழுத்தாளரை எடைபோட முடியாது. அவருடைய திறமை பெரும்பாலும் கதையை எங்கே நிறுத்துகிறார் என்பதில் இருக்கிறது. பிறகு இன்னும் மூன்று கதைகளின் முதல் பத்தியை மட்டும் பாருங்கள். மூன்றும் ஒரே குரலில், ஒரே மாதிரி ஆளின் வாயிலாகத் தொடங்கினால் தொகுப்பை ஒரே மூச்சில் படிக்கும்போது சலிப்பு தட்டும். வாங்கினால் வாரத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளலாம்.

கவிதை: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாவலுக்கு ஓரளவு பொருந்தும். கவிதைத் தொகுப்புக்குப் பொருந்தாது. அறுபது கவிதை இருக்கிற தொகுப்பில் ஒன்று அபாரமாகவும் அடுத்தது சாதாரணமாகவும் இருப்பது சகஜம். முதல் கவிதையையும் கடைசிக் கவிதையையும் கவிஞரே பொறுக்கி எடுத்து வைத்திருப்பார். ஆகவே நடுப்பகுதிக்குப் போங்கள். ஒரு சிறிய கவிதை, ஒரு பக்கத்துக்கு மேல் போகும் ஒரு கவிதை, தலைப்பு உங்களைக் கொஞ்சமும் ஈர்க்காத ஒரு கவிதை என்று மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படியுங்கள்: முதல் முறை நிறுத்தாமல், இரண்டாம் முறை உதட்டை மட்டும் அசைத்து, சத்தமில்லாமல்.

அடுத்தது வரிச் சோதனை. வரிகளை மனதுக்குள் ஒன்றாகச் சேர்த்து உரைநடை வாக்கியமாக்கிப் பாருங்கள். இப்படி ஒரு கவிதை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

மழை பெய்கிறது
மனம் நனைகிறது
உன் நினைவு
வருகிறது

"மழை பெய்கிறது, மனம் நனைகிறது, உன் நினைவு வருகிறது." சேர்த்த பிறகும் எதுவும் குறையவில்லை. வரி உடைந்திருப்பது பக்கத்தை நிரப்புவதற்குத்தான். இதையும் பாருங்கள்:

கதவைத் திறந்தேன்
யாரும் இல்லை
என்று சொல்ல ஒருவர் இருந்தார்

இரண்டாவது வரி முடியும்போது வீடு காலி. மூன்றாவது வரி வந்ததும் வீட்டுக்குள் ஓர் ஆள் நிற்கிறார். மூன்றையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்து எழுதினால் அந்த இடைவெளி காணாமல் போகிறது. வரியை எங்கே உடைப்பது என்று யோசிக்கிற கவிஞர் என்றால் வேறு எத்தனை கவிதை சுமாராக இருந்தாலும் அவரைக் கவனிக்கலாம்.

இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் செல்லாது. யாப்புக் கவிதையில் வரியின் நீளத்தை யாப்பே தீர்மானிக்கிறது. அங்கே காதுதான் நீதிபதி. எதுகைக்காகத் திணித்த சொல் காதில் முள்ளாகக் குத்தும். உரைநடைக் கவிதையில் உடைக்க வரியே இல்லை. அங்கே வாக்கியத்திலிருந்து வாக்கியத்துக்கு எப்படித் தாவுகிறது என்று பாருங்கள்.

முதல் பார்வையிலேயே மனப்பாடம் ஆகிற ஒற்றை வரியைக் கண்டு மயங்க வேண்டாம். செல்போன் திரையில் பகிர்வதற்கு வசதியான அந்த வரியைத் தாங்கிப் பிடிப்பதற்காகவே மீதிக் கவிதை எழுதப்பட்டிருக்கும். மாறாக, புரிந்தும் புரியாமலும் இருந்து, "இன்னொரு தடவை படிப்போம்" என்று கையைப் பிடித்து நிறுத்துகிற கவிதை மூன்றில் இரண்டு இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒன்று இருந்தாலும் வாங்கலாம் என்பது எங்கள் கட்சி; மெல்லிய தொகுப்பில் பத்து நல்ல கவிதை கிடைத்தால் அது நல்ல தொகுப்பு.

புதிதாகக் கவிதைக்கு வருகிறவர்கள் ஆயிரம் பக்க முழுத்தொகுப்பில் கை வைக்க வேண்டாம். ஒருவரின் ஆரம்பகால முயற்சிகள் முதல் எல்லாமே அதில் இருக்கும். முதல் நூறு பக்கத்திலேயே களைத்துவிடுவீர்கள். பல கவிஞர்கள் இடம்பெறும் தொகைநூல் ஒன்றை வாங்கி, பிடித்த மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய தனித் தொகுப்புகளைத் தேடுவது எளிது. தொகைநூல் எந்த ஆண்டு வரை எழுதியவர்களைச் சேர்த்திருக்கிறது என்பதைத் தொகுப்பாசிரியரின் குறிப்பில் பாருங்கள். தனித் தொகுப்புகளில் முன்னாலோ பின்னாலோ "இக்கவிதைகளை வெளியிட்ட இதழ்களுக்கு நன்றி" என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் அடுத்த புதிய கவிஞரும் அதே இதழ்களில்தான் எழுதிக்கொண்டிருப்பார்.

மொழிபெயர்ப்பு என்றால்

மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே எங்கோ ஒளித்து வைத்திருக்கிற பதிப்பகம் அவருடைய வேலையை எவ்வளவு மதிக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம். மூலத்திலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் போன்ற இடைமொழி வழியாக வந்ததா என்பதும் முக்கியம். நாவலுக்கு இடைமொழி சில சமயம் பெரிய நஷ்டமில்லை, கவிதைக்கு நஷ்டம்தான். உரையாடல் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; நம் மொழியில் யாருமே அப்படிப் பேசமாட்டார்கள் என்று தோன்றினால் வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆசிரியர் காலமாகிப் பல பத்தாண்டுகள் ஆகிக் காப்புரிமை முடிந்த படைப்பென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே பத்தியை ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைக்காரரிடம் என்ன கேட்பது

"நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறதையே உங்களுக்கும் கொடுப்பார். கிளம்பும் முன் எழுதிய குறிப்பை வைத்து, "இந்த நாவல் பிடிச்சது, குடும்பக் கதையா இருந்தாலும் அழுகை இல்லாம எழுதியிருந்தாங்க. இந்த மாதிரி புது ஆள் யாராவது எழுதறாங்களா?" என்று கேளுங்கள். இன்னொரு நல்ல கேள்வி: "ஒருத்தர் வாங்கிட்டுப் போய், நண்பருக்குன்னு இன்னொரு பிரதி வாங்க வந்தது எது?" விற்பனைப் பட்டியலில் வராத புத்தகங்கள் இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும். அவர் கொடுத்தது பிடிக்காவிட்டால் அடுத்த முறை போய் அதையும் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறைக்குள் உங்கள் ருசி அவருக்குப் பிடிபட்டுவிடும்.

பில் போடும் முன்

முடிவு செய்த பிறகு பிரதியைச் சோதியுங்கள். புத்தகங்கள் ஃபாரம் ஃபாரமாக அச்சாகி மடித்துக் கட்டப்படுகின்றன. ஒரு ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) பெரும்பாலும் 16 பக்கம். கட்டும்போது ஒரு ஃபாரம் விடுபடலாம், இரண்டு முறை வந்துவிடலாம், தலைகீழாகவும் போய்விடலாம். தலைப்புப் பக்கத்திலிருந்தே எண் தொடங்கும் புத்தகத்தில் 16லிருந்து 17, 32லிருந்து 33, 48லிருந்து 49 என்று சந்திப்புகளில் எண் ஒழுங்காகத் தொடர்கிறதா என்று பாருங்கள். முன்பக்கங்களுக்குத் தனி எண் இருந்தால் இந்தச் சந்திப்புகள் சற்றுத் தள்ளி வரும். ஆகவே எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை வேகமாகப் புரட்டிவிடுவது பாதுகாப்பு. நாவலில் 16 பக்கம் போனால் படிக்கும்போது தெரிந்துவிடும். கவிதைத் தொகுப்பில் போனால் கடைசிவரை தெரியாமலே போகலாம்.

முதுகு வெறும் ஒட்டா, தையல் கட்டா என்று மேலிருந்து பாருங்கள். தையல் கட்டில் சிறுசிறு மடிப்புகளின் வளைவு தெரியும், புத்தகம் விரித்தால் படிந்து கிடக்கும். வெறும் ஒட்டில் தாள்கள் வெட்டுப்பட்டு நேராக நிற்கும். அதை அகலமாக விரித்து அழுத்தினால் பக்கம் கையோடு வரும். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிகிறதா என்று ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; கவிதையில் வெற்றிடம் அதிகம் என்பதால் இந்தக் குறை அங்கே கண்ணை உறுத்தும். நீண்ட வரிகள் பக்கத்துக்குள் அடங்காமல் மடங்கி வந்தால், மடங்கிய பகுதி உள்தள்ளி அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் எது கவிஞர் உடைத்த வரி, எது அச்சகம் உடைத்த வரி என்று பிரிக்கவே முடியாது.

பில்லைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்து, வீட்டில் நிதானமாக இன்னொரு முறை பக்கங்களைப் புரட்டுங்கள். ஃபாரம் மாறிய பிரதியைப் பெரும்பாலான கடைகள் மாற்றித் தரும், ஆனால் முதல் பக்கத்தில் மையால் பெயர் எழுதிய பிரதி என்றால் தயங்குவார்கள். பெயர் எழுதுவதைச் சரிபார்த்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.